ஐஸ் அண்ணனின் கெண்டைக்கால்

ஐஸ் அண்ணனுக்கு அந்தப் பெயர் இரண்டு காரணங்களால் வந்தது. முதல் காரணம் கௌரவமானது. குளிர்கிடங்கில் மூட்டை, பெட்டி ஏற்றி இறக்கும் ஆட்களுக்கு அவர்தான் தலைவர். முதலுதவிப் பெட்டியும் அவர் பொறுப்பு. யாருக்கு எங்கே அடிபட்டாலும் ஒரு பை ஐஸைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்து அழுத்துவார். இரண்டாவது காரணத்தை அவர் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொல்ல அவசியமும் இல்லை. ஐஸ் வைப்பது என்றால் என்னவென்று தமிழ் பேசும் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இரண்டு வேலைகளையும் அவர் ஒரே பக்தியோடு செய்தார். உலகத்தில் அவருக்கு ஒரே ஒரு எதிரி உண்டு, அதன் பெயர் வீக்கம். கை வீங்கினாலும் பிடிக்காது, முகம் வீங்கினாலும் பிடிக்காது, யாராவது மூச்சை இழுத்து நெஞ்சை வீங்க வைத்துக்கொண்டு பேச வந்தால் சுத்தமாகப் பிடிக்காது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று ஊரெல்லாம் சொல்லும். அண்ணனின் கொள்கையில் எந்த விரலுக்கும் எந்த வீக்கமும் தகுந்ததல்ல. விரல் நசுங்கியவன் வாயைத் திறப்பதற்குள் விரலில் ஒரு பை, மனத்தில் ஒரு பை வைத்துவிடுவார். "உன்ன மாதிரி தாங்கறவன் இந்தக் கிடங்குலயே கிடையாதுடா" என்பார். நசுங்கியவன் வலியை மறந்து தன் வீரத்தை நினைத்துக்கொண்டு போவான். விரலை நசுக்கிய தள்ளுவண்டி, சக்கரம் கோணியபடியே, அடுத்த விரலுக்காகக் காத்திருக்கும்.

மேனேஜருக்கு அவர்மேல் அளவு கடந்த மதிப்பு. மேனேஜரை ஆட்கள் 'பார்ப்போம்' என்று அழைப்பார்கள். எதைச் சொன்னாலும் அவர் சொல்லும் ஒரே பதில் அதுதான் என்பதால். தினமும் காலையில் கண்ணாடி அறையிலிருந்து தலையை நீட்டி, "எப்படிப் போகுது?" என்று கேட்பார். "எல்லாம் நல்லபடியா போகுது சார்" என்பார் ஐஸ் அண்ணன். தலை உள்ளே போய்விடும். இந்த நாடகத்துக்கு மேலாண்மை என்று பெயர்.

கிடங்கில் ஐஸுக்கு உருகாத ஜென்மம் ஒன்றே ஒன்று. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பெண். அவளுக்கு மிளகாய் என்று பட்டம். வண்டியின் இரண்டு கம்பிகளை எவ்வளவு துல்லியமாகப் பெட்டிக்கு அடியில் செருகுவாளோ, அவ்வளவு துல்லியமாக வார்த்தையையும் செருகுவாள்.

இரண்டாம் கதவில்தான் விவகாரம். குளிரறையின் அந்தப் பெரிய கதவைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை உண்டு. அது கீழ்ப்பக்கம் ஒரு கை நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது. வெளிக்காற்று அந்த ஓட்டையில் நுழையும். உள்ளே இருக்கும் குளிரில் பட்டு வேர்க்கும். வேர்த்த தண்ணீர் கதவுக்கு முன்னால் இருக்கும் சரிவில் வழிந்து நிற்கும். லாரி நிற்கும் இடத்துக்குப் போக அந்தச் சரிவுதான் வழி. உறைந்த பட்டாணியும் வெண்ணெயும் மீன் பெட்டியும் அந்த வழியாகத்தான் இறங்கின. மனிதர்களும் அவ்வப்போது இறங்கினார்கள், அவர்கள் விரும்பாத வேகத்தில்.

"அண்ணே, அந்த ரப்பர மாத்தச் சொல்லுங்க. என்னைக்காவது ஒரு நாள் வண்டியோட நான் லாரிக்கு அடியில போயிருவேன்" என்று மிளகாய் முதல் தடவை சொன்னபோது முகமெல்லாம் சிவந்திருந்தது. சிவப்பு, சூடு, வீக்கம். அண்ணனின் கை தானாகப் பைக்குப் போயிற்று.

"தங்கச்சி, உன் கைக்கு வழுக்கற தரை ஒரு தரையா? நீ ஓட்டறதப் பார்த்துட்டு, இந்தப் பொண்ணு ஆத்துல விட்டாலும் ஓட்டிக் கரையேறும்னு லாரிக்காரன் சொல்றான்."

"எந்த லாரிக்காரன்?"

"எல்லா லாரிக்காரனும்தான்."

"அவனையே வந்து ஓட்டச் சொல்லுங்க" என்று அவள் போய்விட்டாள். அண்ணன் சரிவில் ஒரு சாக்கை விரித்தார். பிரச்சினை அவரைப் பொறுத்தவரை அதோடு முடிந்தது. சாக்கு ஈரமானதும் இன்னொன்று. மிளகாய் வாரம் தவறாமல் வந்து கத்தினாள், அவர் வாரம் தவறாமல் புகழ்ந்தார். சாக்குகள் மாறின, புகழ்ச்சியும் மாறியது, ரப்பர் மட்டும் மாறவில்லை. மேலே ஒரு வார்த்தை போகவில்லை. போனால் பார்ப்போமின் முகம் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை அண்ணனால் தாங்க முடியாது. அடுத்தவர் முகம் சுருங்கினால் தனக்கு ஏதோ அறுந்துவிட்டது போல் பதறுகிற சுபாவம் அவருக்கு. நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களால் வரும் கேடு மெதுவாகத்தான் வரும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை.

யானைக்கும் அடி சறுக்கும். ஐஸ் அண்ணனுக்குத் தாம் விரித்த சாக்கே சறுக்கியது. வெண்ணெய்ப் பெட்டி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கியவர், சாக்கு நகரவும் வலது காலை ஊன்றிச் சமாளித்தார். பெட்டி விழவில்லை. ஆனால் கெண்டைக்காலில் யாரோ பின்னாலிருந்து ஓங்கி உதைத்தது போல் 'டப்' என்று ஒரு சத்தம். சதை கிழியும்போது எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றுமாம். மற்றவர்கள் திரும்பி, "எவன்டா அவன்?" என்று கேட்பார்கள். ஐஸ் அண்ணன் திரும்பி, யாருமே இல்லாத சரிவைப் பார்த்து, "பரவால்ல விடுப்பா, தெரியாமப் பட்டுருச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் கீழே உட்கார்ந்தார். தன் காலைக் கிழித்தவனையே மன்னித்த மகான் என்று அன்று முழுக்கக் கிடங்கில் சிரிப்பு.

பிறகு நடந்த வைத்தியம் அவருடைய வாழ்நாள் கொள்கையின் உச்சம். ஐஸ் அவரிடம் மலைபோல் இருந்தது. கால் வீங்க ஆரம்பிப்பதற்குள் இரண்டு பைகளை வைத்துக் கட்டினார். மருந்துக்கடைக்காரரிடம், "வலிக்கு வேண்டாம், வீக்கத்துக்குக் கொடுங்க" என்று கேட்டு மாத்திரை வாங்கினார். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கடைக்காரர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. முன்னும் போட்டார், பின்னும் போட்டார். வீட்டில் காலை ஐஸ் வாளிக்குள் விட்டுக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தார். தூங்கும்போதும் பை. வீக்கம் பாவம், எட்டிப் பார்க்கவே பயந்தது.

அவர் மனைவி குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை பார்ப்பவர். காதில் மாட்டிய கருவியோடு காலையிலிருந்து மாலைவரை முகம் தெரியாத மனிதர்களின் கோபத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்வதுதான் வேலை. அண்ணனின் காலை அவர் தொட்டுப் பார்த்து, "என்னங்க இது, பிணம் மாதிரி சில்லுனு இருக்கு?" என்றார்.

"பாத்தியா? கொஞ்சம்கூட வீங்கல. ஆறிப்போச்சு."

"எங்க ஆஃபீஸ்ல ஒண்ணு சொல்வோம். புகாரே வராத தெருவப் பார்த்தாத்தான் பயமா இருக்கும். அங்கதான் ஒரு நாள் குழாய் மொத்தமா வெடிக்கும்."

"உனக்கு எவ்வளவு அறிவு! உன்ன மாதிரி ஒருத்தி..." என்று அண்ணன் ஆரம்பிக்கவும், மனைவி எழுந்து துணி மடிக்கப் போய்விட்டார்.

வீக்கம் இல்லை என்றால் காயம் இல்லை என்ற கணக்கில் அண்ணன் விறுவிறுவென்று வேலைக்குத் திரும்பினார். வாசலிலேயே ஆட்கள் கூடி நலம் விசாரித்தார்கள். "ஒண்ணுமில்லப்பா, பாரு" என்று நுனிக்காலில் எம்பி ஒரு குதி குதித்துக் காட்டினார். பட்ட காலிலே படும் என்று சொன்னவர் இவரைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். அதே இடம், அதே 'டப்'. இந்தமுறை மன்னிக்கக்கூட மூச்சு வரவில்லை.

கண்ணாடி அறையிலிருந்து தலை நீண்டது. "அண்ணே, இனி ஒரு தடவ இப்படின்னா பாவம், உங்களக் கஷ்டப்படுத்த முடியாது. கேட்ல நாற்காலி இருக்கு. பார்ப்போம்."

கேட் நாற்காலியைப் பற்றிச் சொல்லாவிட்டால் அண்ணனின் அன்றைய வியர்வைக்குக் காரணம் புரியாது. கிடங்கு வாசலில், தகரக் கூரைக்குக் கீழே, கைப்பிடி ஒன்று உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. கால் போனவர்கள், இடுப்பு போனவர்கள், கண் மங்கியவர்கள் எல்லோரையும் அதில் உட்கார வைத்து, லாரி வந்தால் கேட்டின் குறுக்குத் தடியைத் தூக்கச் சொல்வார்கள். இதற்கு முன் இருந்தவர் ஒரு காலத்தில் தோளில் இரண்டு பெட்டி சுமந்தவர். நாற்காலிக்குப் போன பிறகு அவரோடு யாரும் பேசியதாக யாருக்கும் நினைவில்லை. லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள், அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த உரையாடல். அண்ணனுக்கோ மனிதர்களின் நடுவில் நின்று, ஒருவர் தோளில் கைபோட்டு, இன்னொருவர் முதுகில் தட்டி வாழ்ந்தால்தான் வாழ்க்கை. அந்த நாற்காலியை நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது. கால் தேற வேண்டும். இந்தமுறை நிஜமாகவே தேற வேண்டும்.

அப்படித்தான் பிசியோதெரபி அறையில் போய்ப் படுத்தார். அங்கே வைத்தியம் பார்த்த அம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். சிரிப்பு என்ற வசதி பொருத்தப்படாத முகம். கெண்டைக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி, ஒரு கட்டி மாதிரி இறுகிக் கிடந்த இடத்தில் நிறுத்தினார்.

"உங்க கை பட்டதுமே பாதி சரியாயிருச்சு மேடம்" என்றார் அண்ணன்.

"மீதி பாதி என்கிட்ட பேசாம இருந்தா சரியாகும். இதுக்கு என்ன பண்ணீங்க?"

அண்ணன் தன் வைத்தியத்தைப் பெருமையோடு விவரித்தார். பை, வாளி, முன்னும் பின்னும் மாத்திரை. அந்த அம்மா கேட்கக் கேட்கக் கண்ணை மூடிக்கொண்டார்.

"முதல்ல வலிக்குக் கொஞ்ச நேரம் ஐஸ் வெச்சா யாரும் உங்கள ஜெயில்ல போட மாட்டாங்க. நீங்க வெச்சது ஐஸ் இல்ல, ஊரடங்கு. சதை கிழிஞ்சதும் உடம்பு என்ன பண்ணும்னு தெரியுமா?"

"வீங்கும்."

"ஏன் வீங்கும்?"

அண்ணனுக்கு இது புதுக் கேள்வி. வீக்கத்துக்குக் காரணம் இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. அது பாட்டுக்கு வரும், இவர் பாட்டுக்கு அடக்குவார்.

"ஆள் அனுப்புது சார் உடம்பு. ரத்தத்துலேர்ந்து முதல்ல வர்றது ஒரு முரட்டுக் கூட்டம். வந்ததும் கிழிஞ்சு செத்துப்போன நாரையெல்லாம் உடைச்சுப் பிய்ச்சு எடுக்கும். அப்புறம் வர்றது பெருந்தின்னிங்க. பேருக்கு ஏத்த மாதிரி மிச்சக் குப்பையெல்லாம் தின்னு தீர்க்கும். இவ்வளவு பேர் ஒரே இடத்துல வந்து வேலை பார்த்தா அந்த இடம் எப்படி இருக்கும்?"

"கூச்சலா இருக்கும்."

"அந்தக் கூச்சல்தான் உங்க வீக்கம், சூடு, வலி எல்லாம். வீக்கம் உங்க நோய் இல்ல சார், நீங்க கூப்பிட்ட ரிப்பேர் ஆளுங்க." அவர் காலைத் திருப்பி வைத்தார். "இன்னும் கேளுங்க. சதை நார் ஓரத்துல சில செல்லுங்க சும்மா தூங்கிட்டே இருக்கும். கிழிஞ்ச நாரைத் திரும்ப உண்டாக்கறது அதுங்கதான். ஆனா தானா எழுந்திருக்காது. இந்தக் கூச்சல் போடற கூட்டம் சத்தம் போட்டு எழுப்பணும். எழுப்பினாத்தான் பெருகும், ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து புது நாராகும். எழுப்பறவங்களை நீங்க வாசல்லயே தடுத்துட்டா?"

"தூங்கும்."

"தூங்கும். குப்பையும் அப்படியே கிடக்கும். அந்த இடத்த வடு வந்து அடைக்கும். பாக்க மூடியிருக்கும், இழுத்தா கிழியும். நீங்க ஒரு குதி குதிச்சீங்களே, அப்படி."

அண்ணனுக்கு ஏனோ சரிவில் விரித்த சாக்கு நினைவுக்கு வந்தது. அதை உடனே நினைவிலிருந்து துரத்தினார்.

"அப்போ என் ஐஸாலதான் கெட்டுச்சா மேடம்?"

"ஐஸாலயும் மாத்திரையாலயும் எவ்வளவு கெட்டுச்சு, அவசரப்பட்டுக் குதிச்சதால எவ்வளவு கெட்டுச்சுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும் சொல்றேன். 'ஆறிப்போச்சு'ன்னு நம்பி நடந்தீங்க பாருங்க, அங்கதான் ஏமாந்தீங்க. சூடு ஆறறது வேற, காயம் ஆறறது வேற. ரெண்டுக்கும் ஒரே வார்த்தை இருக்கறதால ரெண்டும் ஒண்ணாகிடாது. டீ ஆறினா என்ன ஆகும்? குடிக்க லாயக்கில்லாம போகும்."

அண்ணன் தன் கெண்டைக்காலை எட்டிப் பார்த்தார். கடைசியில் சன்னமாகக் கேட்டார். "கூச்சலே போட்டுட்டு இருந்தா நல்லதா அப்போ?"

"அதுவும் கெட்டதுதான். வீக்கம் வத்தாம மாசக்கணக்குல நின்னா அப்பவும் வடுதான் மிச்சம். ஆனா ஒண்ணு, குப்பையெல்லாம் தின்னு முடிச்சதும் அந்தத் தின்னிங்களே குணம் மாறிடும். கத்தினதுங்களே கட்டறதுக்கு ஒத்தாசை பண்ணும். அப்புறம் போயிடும். வரணும், வேலைய முடிக்கணும், போகணும். நடுவுல நாம பண்ண வேண்டியது, வலி பொறுக்கற அளவுக்குக் காலுக்கு வேலை கொடுக்கறது."

வீட்டுக்கு வந்ததும் வாளியை மாடியில் கவிழ்த்து வைத்தார். கால் கொஞ்சம் வீங்கியது. வீங்கிய காலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்கு, அழுகிற குழந்தையைத் தூக்காமல் இருப்பது போலிருந்தது. சமையலறைப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினார். ஆரம்பத்தில் இரண்டு காலும் சேர்த்து, பிறகு அடிபட்ட கால் மட்டும். அதைப் பார்த்துக்கொண்டே மனைவி காய் நறுக்கினார். பிசியோ சொன்னதையெல்லாம் அண்ணன் சொல்லி முடித்தபோது அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்போ நானும் ஒண்ணு சொல்றேன். நடுவுல ஐஸ் வைக்கக் கூடாது."

"சொல்லு."

"உங்க தங்கச்சி குடும்பம் கொஞ்ச நாள்னு சொல்லிட்டு முன் ரூம்ல வந்து தங்கினாங்க. மூணு வருஷம். என் வீட்டுல துணி மாத்த எனக்கு இடம் இல்ல. ஒவ்வொரு தடவ நான் வாயைத் திறந்தப்பவும் என்ன சொன்னீங்க? பொறுமையின் சிகரம்னு சொன்னீங்க. சிகரத்துல ஏத்தி உட்கார வெச்சுட்டீங்க. குளிர்ல விறைச்சுப் போயி உட்கார்ந்திருந்தேன். ஊரான் கோபத்தக் கேக்கறதுக்கு எனக்குச் சம்பளம் தர்றாங்க. என் கோபத்தக் கேக்க இந்த வீட்டுல ஒரு நாதி இல்ல."

குரல் உயர்ந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று ஆர்வத்தோடு திறந்தது. அண்ணனின் நாக்கு நுனியில் நான்கைந்து பைகள் தயாராக இருந்தன. படியின் ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நின்றார். கெண்டைக்காலைவிட அது அதிகமாக வலித்தது. மனைவி சொல்லச் சொல்ல, எவ்வளவு கிடந்திருக்கிறது உள்ளே என்று அவருக்குத் திகைப்பாக இருந்தது. கடைசியில் மனைவி அழுதார், மூக்கைச் சிந்தினார், "தப்புதான், நான் கேட்டிருக்கணும்" என்று அண்ணன் சொன்னதும் வெடுக்கென்று, "ஆமா, கேட்டிருக்கணும்" என்றார். பிறகு காய் நறுக்கினார். அன்று சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது. சண்டை போட்ட வீட்டில் உலகம் அழிந்துவிடும் என்று இத்தனை காலமும் நம்பியிருந்தவருக்கு இது பெரிய ஆச்சரியம்.

கால் நிஜமாகவே ஆறியது. ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி, தோளில் அரிசி மூட்டையோடு படியேறிக் காட்டிய பிறகுதான் அந்தச் சிரிக்காத அம்மா, "போகலாம்" என்றார். அண்ணன் புது மாப்பிள்ளை போலக் கிடங்குக்குப் போனார்.

இரண்டாம் கதவில் புதிதாக ஒரு சாக்கு கிடந்தது. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மிளகாய் வண்டியில் உட்கார்ந்திருந்தாள். முன்பு போல விருட்டென்று வந்து எகிறவில்லை.

"வாங்கண்ணே. உங்கள மாதிரி ஒரு ஆள் வருமா இந்தக் கிடங்குக்கு?"

அண்ணனுக்குச் சுருக்கென்றது. அது அவருடைய வாக்கியம். "தங்கச்சி, இந்த ரப்பர் இன்னும் அப்படியேதானே இருக்கு?"

"எல்லாம் நல்லபடியா போகுதுண்ணே" என்றாள் மிளகாய். கிண்டலாகச் சொன்னால்கூடத் தாங்கியிருப்பார். கிண்டல் இல்லை. கண்ணில் ஒரு பொறி இல்லை. தரையைப் பார்த்து, வண்டியை மெதுவாக, மிக மெதுவாகச் சரிவில் இறக்கினாள். பின்சக்கரம் ஒருமுறை பக்கவாட்டில் நழுவி நின்றது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வண்டியை நேராக்கினாள். உள்ளே தூங்கப் போய்விட்டாள் இவள், எழுப்ப ஆளில்லை என்று அண்ணனுக்குப் பட்டது. தூங்க வைத்தது யார் என்பதும் பட்டது. வெட்கம் காதுவரை சுட்டது.

நேராகக் கண்ணாடி அறைக்குப் போனார். "சார், ரெண்டாம் கதவு ரப்பர மாத்தணும். இன்னைக்கே."

பார்ப்போம் நிமிர்ந்தார். "ரப்பரா? அது கிழிஞ்சிருக்கா? தினம் உங்களத்தானே கேக்கறேன், எல்லாம் நல்லபடியா போகுதுன்னுதானே சொன்னீங்க?" பிறகு வழக்கம்போல, "சரி, பார்ப்போம்."

ஐயோ என்றிருந்தது அண்ணனுக்கு. அந்த மனிதருக்கு நிஜமாகவே தெரியாது. சோம்பேறிதான், ஆனால் தெரியாத சோம்பேறி. அவர் காதுக்கும் சரிவுக்கும் நடுவில் இத்தனை காலமும் ஒரு ஐஸ் பை இருந்திருக்கிறது. அது இப்போது புதுக் கெண்டைக்காலோடு நின்றுகொண்டிருக்கிறது.

வெளியே வந்து கத்தத் தொடங்கினார். பழக்கமில்லாததால் குரல் கீச்சென்று வந்தது. ஆட்கள் ஓடிவந்தார்கள். "அண்ணே, விடுங்கண்ணே. நீங்க எவ்வளவு பெரிய மனுசன்! உங்க குணம் யாருக்கு வரும்?" என்று ஒருவர் தோளில் கைபோட்டார், இன்னொருவர் முதுகில் தட்டினார். எல்லாம் அவர் கற்றுக்கொடுத்த வித்தை. ஒரு நிமிடம் அவருக்கே இதமாக இருந்தது என்பதுதான் கொடுமை.

கைகளை உதறிவிட்டு வாசலுக்கு நடந்தார். காலியாகக் கிடந்த அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டாம் கதவுச் சரிவின் நடுவில், நனைந்த சாக்கின் மேல் போட்டு உட்கார்ந்தார். உடைந்த கைப்பிடி இடுப்பில் குத்தியது. "ரப்பர் மாறற வரைக்கும் இந்த வழியா ஒரு பட்டாணி இறங்காது" என்றார்.

லாரிகள் சேர்ந்தன. ஹாரன்கள் சேர்ந்தன. "யாருய்யா அது, வழியில நாற்காலி போட்டு?" என்று ஓட்டுநர்கள் இறங்கி வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் சாக்கில் கால்வைத்து வழுக்கி இன்னொருவரைப் பிடித்துக்கொண்டார். அதோடு அவர் கோபம் திசை மாறிவிட்டது. போன மாதம் இங்கே விழுந்தது யார், அதற்கு முன் யார் என்று பேச்சு எழுந்தது. ஒவ்வொருவராகத் தங்கள் முழங்கையையும் முழங்காலையும் காட்டத் தொடங்கினார்கள். இத்தனை பேர் விழுந்திருக்கிறார்கள் என்பதே இத்தனை பேருக்கும் அன்றுதான் தெரிந்தது. ஃபோர்க்லிஃப்ட் மெதுவாக வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றது. மிளகாய் சாவியைத் திருகி அணைத்தாள். இறங்கி வந்து, தொங்கிய ரப்பரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, கண்ணாடி அறையைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில் ஹாரன்கள் அடங்கின.

பார்ப்போம் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். கையில் ஒரு பாட்டில் ஐஸ் தண்ணீர். "அண்ணே, முதல்ல இதக் குடிங்க. நீங்களே இப்படிப் பண்ணலாமா? இவங்கள ஆறப்போடுங்க. இல்லன்னா அந்த நாற்காலி உங்களுக்கு நிரந்தரமாகிடும், சொல்லிட்டேன்."

அண்ணன் பாட்டிலைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். பயமாகத்தான் இருந்தது.

"வேண்டாம் சார்" என்றார். "வீங்கட்டும்."

சாயங்காலத்துக்குள் ரப்பர் மாறியது. வந்த ஆள் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வேலையை முடித்துவிட்டு, இதற்கா இத்தனை கூட்டம் என்று கேட்டுவிட்டுப் போனார். பார்ப்போமும் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அவர் காப்பாற்றிய முதல் வாக்கு அது. அண்ணனின் கால் நலனை முன்னிட்டு அவரை வாசலுக்கு மாற்றியிருப்பதாக அறிவித்தார். வாழ்நாளிலேயே அந்தக் கால் அவ்வளவு நலமாக இருந்ததில்லை. அண்ணன் வீட்டுக்குப் போய் அழுதார். மனைவி புகழவும் இல்லை, தேற்றவும் இல்லை. காதில் கருவி இல்லாமலே கடைசிவரை கேட்டார்.

இப்போது அவர் தடியைத் தூக்குகிறார், இறக்குகிறார். லாரி இல்லாத நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கிப் பழகுகிறார். ஆட்களுக்குப் புதுத் தலைவி மிளகாய். முதல் நாளே கோணல் சக்கரத் தள்ளுவண்டியைக் கண்ணாடி அறை வாசலில் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டதாகக் கேள்வி. ஒரு மத்தியானம் அவள் டீ டம்ளரோடு வாசலுக்கு வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முகம் சிவந்திருந்தது.

"நீங்க போனதுலேர்ந்து உள்ள ஒரே சண்டைண்ணே. தினம் ஒருத்தன் கத்தறான். ஒரே சூடு."

அண்ணனின் கை பழக்கத்தில் அவள் முதுகைத் தட்ட எழுந்தது. பாதியில் நிறுத்தி, டீயை வாங்கிக்கொண்டார்.

"அப்படின்னா ஆறும்" என்றார்.